பழைய சாக்கெட் செட்டைப் படிப்பது எப்படி?

‘ஒரிஜினல் 1920 மாடல், முழு செட்’ என்று எழுதிப் பழைய சாக்கெட் செட் விற்பவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்வது குறைவு. கைப்பிடியில் ஒரு தேதியைப் பார்த்திருப்பார்கள். மூடியில் ஒரு பெயரைப் பார்த்திருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் குழிகளை எண்ணி, எல்லாம் நிரம்பியிருக்கிறது என்று மகிழ்ந்திருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், தேதி, பெயர், எண்ணிக்கை மூன்றுமே வெளிப்பார்வைக்குச் சொல்வது ஒன்று, உண்மையில் சொல்வது இன்னொன்று. சாக்கெட்டின் மேல் இருக்கும் அளவு எண்ணும் அப்படித்தான்.

இங்கே பேசுவது பெரும்பாலும் 1900-களின் தொடக்கத்திலிருந்து 1960-கள் வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட செட்களைப் பற்றி. சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது அவற்றைத்தான். பிரிட்டிஷ் அளவுகளும் கொஞ்சம் வரும். மெட்ராஸில் செய்த பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு அது தெரியாமல் ஒரு நட்டும் கழலாது.

## சாக்கெட் செட் என்றால் என்ன

குழம்புக்கு ஒரு கைப்பிடி, ரசத்துக்கு ஒரு கைப்பிடி என்று தனித்தனியாக வாங்காமல், ஒரே இடுக்கியால் எல்லாப் பாத்திரத்தையும் இறக்குகிறோம் அல்லவா? அதே யோசனைதான். நட்டைக் கவ்வும் குழல் தனி, திருப்பும் கைப்பிடி தனி. குழலுக்குப் பெயர் சாக்கெட். சாக்கெட்டின் ஒரு முனையில் நட்டுக்கான வாய் இருக்கும், மறுமுனையில் சதுரத் துளை இருக்கும். கைப்பிடியின் சதுரக் கட்டை அந்தத் துளைக்குள் போகும். இந்தச் சதுர இணைப்புக்கு டிரைவ் என்று பெயர்.

கைப்பிடிகளில் முக்கியமானது ராட்செட். ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும், மறுபக்கம் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று வழுக்கி வரும். உள்ளே ஒரு பல்சக்கரமும் அதைத் தடுக்கும் சிறு கொக்கியும் இருக்கின்றன. 24 பல் இருந்தால் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் 15 டிகிரி, 72 பல் இருந்தால் 5 டிகிரி. பழைய ராட்செட்களில் பற்கள் குறைவு, பெரியவை. கையில் எடுத்துத் திருப்பினாலே தெரிந்துவிடும்.

ராட்செட் காரோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்து உட்ஸ்டாக் ஊரைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் ராட்செட் ஸ்பேனருக்கு 1863-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கார் செய்தது அதைப் பரப்பியதுதான். மாசசூசெட்ஸின் ஆட்டில்பரோவில் இருந்த ஃபிராங்க் மாஸ்பெர்க் நிறுவனம் எஃகுத் தகட்டை அழுத்தி வடித்த மெல்லிய சாக்கெட்களைக் கார்க்காரர்களுக்காகப் பெட்டியில் அடுக்கி விற்றது. 1920-ல் மில்வாக்கியில் ஜோசப் ஜான்சனும் வில்லியம் சைட்மனும் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்களுடைய விளம்பர வாசகம் ‘ஐந்து, ஐம்பதின் வேலையைச் செய்யும்’. 10 சாக்கெட், 5 கைப்பிடி. மாற்றி மாற்றிப் பூட்டினால் 50 கருவி. கணக்கு சரிதான்.

சுருக்கமாக: சாக்கெட் நட்டைக் கவ்வும், டிரைவ் சாக்கெட்டையும் கைப்பிடியையும் இணைக்கும், ராட்செட் எடுக்காமலே திரும்பத் திரும்பத் திருப்ப உதவும்.

## எண் எதைச் சொல்கிறது

வீட்டில் அரை இஞ்சு தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். சுமார் 21 மி.மீ. இருக்கும். அரை இஞ்சு என்பது 12.7 மி.மீ. பிளம்பரிடம் கேட்டால் ‘அது அரை இஞ்சு பைப்தான் சார்’ என்பார். எண் அளவாக இருந்த காலம் போய், பெயராகிவிட்டது. பழைய சாக்கெட்களிலும் இதே கதை நடந்திருக்கிறது.

இன்றைய மெக்கானிக் ‘பதிமூணு எடு’ என்றால், நட்டின் எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களுக்கு இடையே 13 மி.மீ. இருக்கிறது என்று பொருள். இந்தத் தூரத்தைப் பக்க அகலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பிரிட்டிஷ் சாக்கெட்டில் உள்ள எண் பக்க அகலம் இல்லை. அது எந்தப் போல்ட்டுக்கு உரியதோ அந்தப் போல்ட் தண்டின் விட்டம். ஜோசப் விட்வொர்த் 1841-ல் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவு முன்வைத்தார். அதிலிருந்து வந்த வழக்கம் இது.

‘1/4 டபிள்யூ’ என்று பொறித்த விட்வொர்த் சாக்கெட்டின் வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. ஆகும். கால் அங்குலத்துக்கு இரட்டிப்புக்கும் மேல். அதே சாக்கெட்டில் பெரும்பாலும் ‘5/16 பிஎஸ்’ என்றும் இருக்கும். பிஎஸ்எஃப் (சாக்கெட்டில் ‘பிஎஸ்’) என்பது மரை நெருக்கமான பிரிட்டிஷ் போல்ட் வகை; அதற்குத் தலை ஒரு படி சிறியது. ஆகவே கால் அங்குல விட்வொர்த் தலையும் 5/16 பிஎஸ்எஃப் தலையும் ஒரே அகலம். இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் போல்ட்டின் தலையையும் ஒரு படி குறைத்தார்கள். அதன்பின் ‘1/4 டபிள்யூ’ சாக்கெட் போருக்குப் பிந்தைய கால் அங்குல விட்வொர்த் போல்ட்டுக்குப் பெரிதாகிவிட்டது. குழப்பத்துக்கு மேல் குழப்பம்.

அடிக்கடி கையில் வருபவை இவை:
3/16 டபிள்யூ – 1/4 பிஎஸ்: 11.3 மி.மீ.
1/4 டபிள்யூ – 5/16 பிஎஸ்: 13.3 மி.மீ.
5/16 டபிள்யூ – 3/8 பிஎஸ்: 15.2 மி.மீ.
3/8 டபிள்யூ – 7/16 பிஎஸ்: 18.0 மி.மீ.
7/16 டபிள்யூ – 1/2 பிஎஸ்: 20.8 மி.மீ.

13.3 நட்டில் 13 மி.மீ. சாக்கெட் ஏறாது. ‘கிட்டத்தட்டத்தானே’ என்று 14-ஐ மாட்டினால் 0.7 மி.மீ. ஆட்டம். சாக்கெட் தட்டைப் பக்கத்தைத் தள்ளாமல் மூலையை மட்டும் கடிக்கும். இரண்டு இழுப்பில் மூலை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். பழைய புல்லட்களில் மழுங்கிய நட்டுகள் அவ்வளவு இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

அமெரிக்கச் செட்களில் வேறொரு தடயம் இருக்கிறது, தேதி சொல்லும் தடயம். 1864-ல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்து, பின்னால் யுஎஸ்எஸ் என்று பெயர்பெற்ற அளவுமுறையில் நட்டின் பக்க அகலத்துக்கு ஒரு சூத்திரம்: போல்ட் விட்டத்தை ஒன்றரையால் பெருக்கி, அதோடு 1/8 அங்குலம் கூட்டு. அரை அங்குலப் போல்ட்டுக்கு 7/8 வரும். 5/16 போல்ட்டுக்கு 19/32. 7/16 போல்ட்டுக்கு 25/32. கார் எஞ்சினியர்கள் சங்கமான எஸ்ஏஇ, எடையைக் குறைக்கத் தலையைச் சிறிதாக்கியது: அரை அங்குலத்துக்கு 3/4, 3/8-க்கு 9/16, 5/16-க்கு 1/2. இன்றைய அங்குல செட்களில் 19/32, 25/32 சாக்கெட்கள் தேடினாலும் கிடைப்பது அரிது. ஒரு செட்டில் இவ்விரண்டும் இயல்பாக வரிசையில் நின்றால், யுஎஸ்எஸ் நட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருந்த காலத்துச் செட் என்று சந்தேகப்படலாம். அவை கைக்கு வந்தால் ‘எதற்கும் பொருந்தாத சாக்கெட்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். செட்டின் வயதுக்கு அவைதான் முதல் சாட்சி.

வாயின் முனைகளையும் எண்ணுங்கள். 6 முனை அறுகோண நட்டுக்கு. 4 அல்லது 8 முனை சதுர நட்டுக்கு. சதுர நட்டுகள் அந்தக் காலத்தில் ஏராளம். 12 முனை என்பது இரண்டு அறுகோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்தது போன்றது. அது 1920-களின் பிற்பகுதியிலிருந்து மெல்லப் பரவியது. 6 முனை வாயை வெர்னியர் காலிப்பரின் உள்தாடையால் நேரடியாக அளக்கலாம். 12 முனையில் தட்டைப் பக்கம் போதுமான அளவு இல்லாததால் காலிப்பர் ஏமாற்றும். அளவு தெரிந்த போல்ட் தலைகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.

சுருக்கமாக: பொறித்த எண்ணைப் படியுங்கள், வாயை அளந்தும் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் பக்க அகலம். வாய் மிகப் பெரிதாக இருந்தால் அந்த எண் போல்ட்டின் விட்டம்.

## சதுரத் துளையையும் அளக்க வேண்டும்

இன்று டிரைவ் அளவுகள் 1/4, 3/8, 1/2, 3/4, 1 அங்குலம். பழைய செட்களில் இந்த வரிசைக்குள் அடங்காத அளவுகள் உண்டு. 9/32 அங்குல டிரைவ் (7.1 மி.மீ.) சிறிய செட்களில் இரண்டாம் உலகப் போருக்கு முன் வெகு சாதாரணம். பிறகு 1/4 (6.35 மி.மீ.) அந்த இடத்தைப் பிடித்தது. 9/32 சாக்கெட்டை 1/4 ராட்செட்டில் மாட்டினால் லொடலொடவென்று ஆடும்; 9/32 ராட்செட்டில் 1/4 சாக்கெட் ஏறவே ஏறாது. ‘தேய்ந்துபோன செட்’ என்று மலிவாகத் தள்ளிவிடப்படும் சில பெட்டிகள் உண்மையில் தேயாத 9/32 செட்கள். 5/8 சதுரமும் 7/16 அறுகோணமும்கூடக் கிடைக்கும். இப்படிப்பட்ட டிரைவில் உடைந்த கைப்பிடிக்கு மாற்று கிடைப்பது கடினம். ஆகவே வேலைக்குப் பயன்படுத்த வாங்குபவர் இவற்றை விட்டுவிடலாம், சேகரிப்பவர் விடக்கூடாது.

## பெயர்: கொடுத்தவரா, செய்தவரா?

கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டியிருப்பது கொடுத்தவர் பெயர். வார்த்த கன்னார் பெயர் அதில் இருக்காது. கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரும் அப்படியே. அது சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடையின் வணிகப் பெயராக 1927-லிருந்து 2017 வரை இருந்தது. சியர்ஸ் சாக்கெட் செய்யவில்லை. பல தொழிற்சாலைகளிடம் செய்வித்து வாங்கியது. ‘கிராஃப்ட்ஸ்மேன் சாக்கெட் நல்லதா?’ என்ற கேள்விக்கு, யார் செய்த கிராஃப்ட்ஸ்மேன் என்ற எதிர்க்கேள்விதான் பதில். அளவு எண்ணுக்கு அருகே சிறிய எழுத்துக் குறி இருக்கும். ஆங்கில ‘வி’ எழுத்தும் அதன் இருபுறமும் இரட்டைக் கோடும் இருந்தால், செய்தது மூர் டிராப் ஃபோர்ஜிங் நிறுவனம் என்பது சேகரிப்பவர்கள் ஏற்றுக்கொண்ட வாசிப்பு.

பெயர் மாறிய நிறுவனங்கள் தேதி சொல்ல உதவும். லாஸ் ஏஞ்சலஸில் 1907-ல் தொடங்கிய பிளாம்ப் நிறுவனத்தின் பெயர், பிளம்ப் என்ற இன்னொரு கருவி நிறுவனத்தின் பெயரோடு உரசியது. வழக்கின் முடிவில் 1948-ஐ ஒட்டி அது புரோட்டோ ஆனது. பிளாம்ப் என்று பொறித்த சாக்கெட் அந்த மாற்றத்துக்கு முந்தையது. புரோட்டோ என்று இருந்தால் பிந்தையது. ஸ்னாப்-ஆன் இன்னும் வசதி: ஆண்டுக்கு ஒரு குறி பொறித்துவந்தது. ஆனால் அந்தக் குறிகளில் பல, இலக்கங்களின் வெவ்வேறு எழுத்து வடிவங்கள். ஒரே இலக்கம், கொஞ்சம் வளைவு மாறினால் வேறு பத்தாண்டு. மங்கிய குறியைப் பார்த்து அவசரமாகத் தேதி சொல்பவர்கள் இங்கேதான் பத்து வருடம் சறுக்குகிறார்கள்.

## தேதி: இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை

அதிகம் தவறு நடப்பது காப்புரிமைத் தேதியில். ஒரு பழக்கடை வாசலில் ‘நிறுவப்பட்டது 1935’ என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் மாம்பழம் 1935-ல் பறித்தது என்று யாரும் சொல்வதில்லை. கருவியில் உள்ள காப்புரிமைத் தேதியும் அப்படியே. அந்த யோசனைக்கு உரிமை கிடைத்த நாள் அது. கருவி செய்த நாள் எப்போதுமே அதற்குப் பின்னால். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை 17 ஆண்டு நீடித்தது. அச்சை மாற்றச் சோம்பல்பட்ட தொழிற்சாலை அதற்குப் பிறகும் அதே எண்ணைப் பொறித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு அடையாளமும் ஒரு வேலிதான். சில வேலிகள் ‘இதற்கு முன் இல்லை’ என்று சொல்லும், சில ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்லும். எல்லா வேலிக்கும் நடுவே மிஞ்சும் இடமே செட்டின் வயது.

காப்புரிமை எண் இருந்தால், பத்து லட்சமாவது எண் 1911-லும் இருபது லட்சமாவது 1935-லும் முப்பது லட்சமாவது 1961-லும் வழங்கப்பட்டன என்பதை நினைவில் வையுங்கள். 19 லட்சத்துச் சொச்சம் என்றால் 1930-களின் முதல் பாதிக்கு முன் அந்தக் கருவி இல்லை. எண் இல்லாமல் நாள், மாதம், ஆண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1927-க்கு முந்தைய வழக்கம்; அந்த ஆண்டு சட்டம் மாறி எண்ணைப் பொறிக்கச் சொன்னது. ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது’ என்று பொருள்படும் பேட்டன்ட் பெண்டிங் குறி இருந்தால், அதே வடிவத்தின் எண் பொறித்த கருவிகளைவிட அது சற்று முந்தையது.

பெட்டி லேபிளில் முகவரி இருந்தால் அதிர்ஷ்டம். ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு இலக்க எண் வந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது, ஐந்திலக்க அஞ்சல் எண் வந்தால் 1963-க்குப் பின். ‘மேற்கு ஜெர்மனியில் செய்தது’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவே. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றால் போர் முடிந்தபின் 1952 வரையிலான சில ஆண்டுகள். ராட்செட்டின் பின்புறம் நடுவில் கட்டைவிரலால் அழுத்திச் சாக்கெட்டைக் கழற்றும் பொத்தான் இருந்தால் 1960-களுக்கு முன் போகாதீர்கள். சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் அதற்கு 1965-ல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையைச் சியர்ஸ் அதிகபட்சம் 10,000 டாலருக்கு எழுதி வாங்கியதும், அவர் பின்னால் வழக்குப் போட்டதும் தனிக் கதை.

சுருக்கமாக: ஒரு தேதியை வைத்து வயது சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு ‘முன் இல்லை’யும் ஒரு ‘பின் இல்லை’யும் வேண்டும்.

## மேற்பூச்சு பேசும்

குரோம் பூச்சு தொழில்முறையில் வந்தது 1920-களின் பிற்பாதியில். அதற்கு முன் நிக்கல், அல்லது வெறும் கறுத்த எஃகு. நிக்கல் லேசான மஞ்சள் சாயலில் இருக்கும், குரோம் நீலச் சாயலில் மின்னும். வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு குரோமையும் நிக்கலையும் போர்த் தேவைக்கு ஒதுக்கியதால், 1942-க்கும் 1945-க்கும் இடையில் செய்த சாக்கெட்கள் பல மங்கிய சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ வந்தன. பிளாம்ப் கருவிகளில் ‘டபிள்யூ எஃப்’ என்ற குறி இருந்தால் அது போர்க்காலப் பூச்சு என்பதன் சுருக்கமாகக் கருதப்படுகிறது. அழகில்லாத இந்தச் சாக்கெட்களைத்தான் பலர் ‘பூச்சு உரிந்தது’ என்று நினைத்து ஒதுக்குகிறார்கள்.

பொறித்த எழுத்தின் ஓரங்களையும் பாருங்கள். எழுத்து ஓரம் கூர்மையாக இருந்தால் நல்லது. பளபளப்பு புதிதாகவும் எழுத்து மழுங்கலாகவும் இருந்தால், யாரோ தேய்த்து மெருகேற்றி மறுபடி குரோம் பூசியிருக்கிறார்கள்.

## முழு செட்டா, சேர்த்த செட்டா?

எல்லாக் குழியும் நிரம்பியிருப்பது முழு செட் என்பதற்குச் சான்றில்லை. ஒரு கற்பனைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ராட்செட்டில் பிளாம்ப், ‘டபிள்யூ எஃப்’, மங்கிய சாம்பல் பூச்சு. ஆறு சாக்கெட் பிளாம்ப், இரண்டு சாக்கெட் புரோட்டோ, பளிச்சென்ற குரோம். லேபிளில் ஊர்ப் பெயருக்குப் பின் இரண்டிலக்க எண்.

ராட்செட் போர்க்காலத்தது. ஆறு சாக்கெட் 1948-ஐ ஒட்டிய பெயர் மாற்றத்துக்கு முந்தியவை. பெட்டி 1943–1963. இரண்டு புரோட்டோ சாக்கெட்கள் மட்டும் வேலிக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே இந்தப் பெட்டி இன்றைய வடிவத்துக்கு வந்தது 1948-ஐ ஒட்டியோ அதன் பின்னரோ; தொலைந்த இரண்டைப் பிறகு வாங்கி நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டும் எந்த அளவு என்று பாருங்கள். 1/2, 9/16 போன்ற அன்றாட அளவாக இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். அதிகம் பயன்படுவதுதான் முதலில் தொலையும். குழியின் அடியில் துருக் கறை வட்டம் இருந்தால் அதன் விட்டத்தைச் சாக்கெட்டோடு ஒப்பிடுங்கள். முப்பது வருடம் ஒரே இடத்தில் கிடந்த சாக்கெட் தன் நிழலை விட்டிருக்கும்.

சேர்த்த செட் வாங்கக்கூடாது என்றில்லை. சேர்த்த செட்டுக்கு முழு செட்டின் விலை கொடுக்கக்கூடாது.

## துடைக்கும் முன்

முதல் வேலை படிப்பது. சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் போதும். துடைத்துக் காயவைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் வெள்ளைச் சாக்கட்டியை மேலே தேய்த்து, விரலால் மேற்பரப்பை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் தூள் தங்கி எழுத்து வெளியே வரும். அதன் பிறகுதான் துரு.

பூச்சு இல்லாத எஃகுக்கு மின்பகுப்பு ஏற்றது. 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைச் சாக்கெட்டிலும், பாசிட்டிவ் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் வேண்டாம். நச்சான குரோமிய உப்பு தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பூச்சு உரிந்துகொண்டிருக்கும் குரோம் சாக்கெட்டுக்கு இது ஆகாது, மிச்சமும் உரியும். ராட்செட்டின் வில்லையும் கொக்கியையும் வினிகரிலோ அமிலத்திலோ ஊறப்போடாதீர்கள். கடினப்படுத்திய சிறு பாகங்கள் ஹைட்ரஜனை உறிஞ்சி உடையக்கூடியவை ஆகிவிடும்.

மங்கிய வெள்ளி நிறத்தில், லேசான மஞ்சளோடு இருக்கும் பூச்சு கேட்மியமாக இருக்கலாம். அதன் தூள் நச்சு. கம்பிப் பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் அதன்மேல் படக்கூடாது. ஈரத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, கையைக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ராட்செட்டுக்குள் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கெட்டியான கிரீஸ் போட்டால் கொக்கி எழும்பாமல் பல்லின்மேல் வழுக்கும். ராட்செட் கெட்டுவிட்டது என்று தோன்றும்.